எலும்புகளோடு பேசத் தெரிந்தவர்களை முதலில் அழையுங்கள்

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களுக்கும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக டக்வொர்த் ஆய்வகத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் லண்டனில் குடியிருக்கும் தமிழன். அருங்காட்சியகம் நடப்பதற்கு அரசு தரும் பணத்தில் என் வரியும் சேர்ந்திருக்கிறது. பள்ளி விடுமுறை வந்தால் இங்குள்ள எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளுக்குத் திமிங்கில எலும்புக்கூட்டையும் டைனோசரையும் காட்ட அங்கேதான் கூட்டிப் போகின்றன. நாங்களும் போவோம். பிள்ளைகள் பார்க்காத சேமிப்பறைகளில் மனித எலும்புகளும் எண் போட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் 11 பேருடையவை இன்றைய ஜிம்பாப்வே மண்ணிலிருந்து வந்தவையாகத் தெரிகிறது என்று 2022 நவம்பரில் நீங்களே சொன்னீர்கள். 1893இல் புலவாயோ பக்கத்தில் எடுத்ததாகக் கருதப்படும் 3 மண்டையோடுகள், ஒரு சுரங்கக் குழியில் கிடைத்தவை, அகழாய்வில் தோண்டியெடுத்தவை. டக்வொர்த் ஆய்வகத்திலும் சில உண்டு. அவற்றைத் திருப்பிக் கொடுக்க ஜிம்பாப்வே அரசோடு சேர்ந்து வேலை செய்யத் தயார் என்றும் சொன்னீர்கள்.

நல்ல முடிவு. அதனால் கொடுங்கள் என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதவில்லை. எப்படிக் கொடுக்கப் போகிறீர்கள், யாரை முன்னால் வைத்துக்கொண்டு கொடுக்கப் போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

1896இல் பிரிட்டிஷ் கம்பெனி ஆட்சிக்கு எதிராக எழுந்த முதலாம் சிமுரெங்கா போரை நடத்தியவர்களுடைய எலும்புகள் இவை என்பதற்குச் சான்று இல்லை என்று அதே சமயம் சொன்னீர்கள். டக்வொர்த் ஆய்வகத்தின் பதிலும் ஏறக்குறைய அதுதான். உங்கள் பதிவேட்டின்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த மக்கள் என்ன கேட்கிறார்கள் என்பது உங்களுக்குப் பிடிபட்டதாக அந்தப் பதிலில் தெரியவில்லை. 2015 ஆகஸ்டில் வீரர்கள் தினத்தன்று அன்றைய அதிபர் ராபர்ட் முகாபே இந்த மண்டையோடுகளைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகுதான் இங்குள்ள பத்திரிகைகளில் இது பெரிய செய்தியானது. ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களுக்கோ இது 1898இலிருந்து முடியாமல் கிடக்கும் காரியம்.

ஷோனா மரபில் நிலம் உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும் சொந்தமானதில்லை. பெரிய தலைவர் ஒருவர் இறந்தால் அவருடைய ஆவி அந்த மண்ணைக் காக்கும் ம்ஹொண்டொரோ ஆகிறது. சொல்லின் பொருள் சிங்கம். இறங்குவதற்கு ஆள் அமையாத காலத்தில் அது காட்டில் சிங்கத்தின் உடலில் தங்கியிருக்கும் என்பது நம்பிக்கை. பிறகு ஒரு மனிதர் மேல் இறங்கும். அவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். அவரை ஸ்விகிரோ என்பார்கள். இந்த மடலைப் படிக்கும் தமிழர்களுக்குச் சாமியாடி என்றால் சட்டென்று புரியும். ஆனால் ஸ்விகிரோவின் பொறுப்பு ஒரு கோயில் கொடையோடு முடிவதில்லை. ஒவ்வொரு ம்ஹொண்டொரோவுக்கும் எல்லை வகுத்த நிலம் உண்டு. இந்த ஓடையிலிருந்து அந்த மலை வரை இன்னாருடையது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். மழை அவர் தருவது. எந்தக் காட்டில் கோடரி வைக்கக் கூடாது, எந்த மடுவில் எந்தப் பாத்திரத்தை முக்கக் கூடாது என்பதெல்லாம் அவர் பேரில் காக்கப்படும் விதிகள். புதிய தலைவர் ஒருவர் பதவியேற்க வேண்டுமென்றால் ஸ்விகிரோவின் வாயிலிருந்து சம்மதம் வர வேண்டும்.

இதை மதம் என்று மட்டும் சொன்னால் பாதி சொன்னதாகத்தான் ஆகும். நிலத்தின் கணக்கும், காடும் நீரும் காக்கும் முறையும், பல தலைமுறைகளின் வம்ச வரலாறும், ஆட்சிக்குக் கொடுக்கும் அனுமதியும் இதற்குள்ளேயே இருக்கின்றன. இந்த அறிவைத் தாங்கியவர்கள்தான் இரண்டு போர்களில் மக்களைத் திரட்டினார்கள். இரண்டு தடவையும் எதிரிக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

1890 செப்டம்பரில் செசில் ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி அனுப்பிய ஆட்கள் இன்றைய ஹராரே இருக்கும் இடத்தில் கொடியேற்றினார்கள். நிலம் வெள்ளைக் குடியேறிகளுக்குப் பங்கு போடப்பட்டது. 1894இல் குடிசைக்கு 10 ஷில்லிங் வரி வந்தது. சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் கூலியாட்களைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அப்புறம் வறட்சி, வெட்டுக்கிளி, மாட்டுக் கொள்ளைநோய் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. நோய் பரவக் கூடாது என்று சொல்லி, நன்றாக இருந்த மாடுகளையும் சுட்டார்கள். 1896 மார்ச்சில் ந்டெபெலே மக்கள் எழுந்தார்கள், ஜூனில் ஷோனா நாடு எழுந்தது.

மசோவே பள்ளத்தாக்கில் அப்போது நெஹாண்டாவின் ஆவி இறங்கியிருந்தது சார்வே என்ற பெண் மேல். நெஹாண்டா என்பவர் பழைய ஷோனா அரசான முட்டாபாவை நிறுவிய முடோட்டாவின் மகள் என்கிறது மரபு. இன்னொரு ம்ஹொண்டொரோவான ககுவியின் ஆவி கும்போரெஷும்பா என்பவர் மேல் இறங்கியிருந்தது. 1897 கடைசிக்குள் இருவரும் கம்பெனியின் கையில். சிறையில் எடுத்த படம் ஒன்று இன்றும் இருக்கிறது: சுவரை ஒட்டி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். மசோவேயில் கொல்லப்பட்ட போலார்டு என்ற அதிகாரியின் கொலைக்குச் சார்வே மேல் வழக்குப் போட்டார்கள். வழக்கின் பேர் 'மகாராணி எதிர் நெஹாண்டா'. சார்வே என்ற மனுஷியை விசாரிப்பதாகச் சொன்ன நீதிமன்றம், தன் ஏட்டில் எழுதி வைத்தது ஆவியின் பெயரை.

1898 ஏப்ரல் 27 அன்று தூக்கு. சிஷாவாஷா மிஷனிலிருந்து வந்த ரிச்சார்ட்ஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் கடைசி நேரம் வரை இருவரையும் மதம் மாற்றப் பார்த்தார். கும்போரெஷும்பா ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார்; டிஸ்மாஸ் என்று பெயர் வைத்தார்கள். சார்வே மறுத்துவிட்டார். தன்னை மசோவேக்கு, தன் சனங்களிடம் விடச் சொன்னார். என் எலும்புகள் எழுந்து வரும் என்று அவர் சொன்னதாக ஜிம்பாப்வேயில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்; அந்த வாக்கு மக்கள் வாய்வழியாக வந்தது.

அறங்காவலர்களே, அந்தப் பாதிரியார் எழுதி வைத்ததில் நீங்கள் நின்று கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. இருவர் உடலையும் யாருக்கும் தெரியாத இடத்தில் புதைத்தார்கள் என்கிறார். காரணமும் சொல்கிறார்: உடலை எடுத்துப் போய், இவர்கள் மேலிருந்த ஆவி இன்னொருவர் மேல் இறங்கிவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். எதை அடக்க வேண்டுமென்று அவர்களுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள். ஓர் உயிரைப் பறித்தது போதவில்லை, அடுத்த ஸ்விகிரோ வரும் வழியையும் அடைக்க வேண்டியிருந்தது. மறுவருடமே, 1899இல், சூனிய ஒடுக்கச் சட்டம் வந்தது. நீங்கள் இன்று சான்று இல்லை என்று சொல்வதற்கு ஒரு காரணம், சான்று இருக்கக் கூடாது என்று அன்றே ஓர் ஆட்சி முடிவெடுத்ததுதான். அதே போரில் சுட்டுக் கொல்லப்பட்ட தலைவர் சிங்காய்ரா மக்கோனியின் தலை இங்கிலாந்துக்குப் போய்விட்டது என்று அவருடைய மக்கள் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். அதற்கும் உங்களிடம் ரசீது இருக்காது. போர்க்களத்தில் தலையை அறுத்துக்கொண்டு போகிறவன் ரசீது எழுதிப் போட்டுக்கொண்டு இருக்கமாட்டான்.

சார்வேக்கு அந்தக் கொலையில் உண்மையில் எவ்வளவு பங்கு, ஸ்விகிரோக்கள்தான் போர் முழுவதையும் ஒருங்கிணைத்தார்களா என்று வரலாற்றாசிரியர்களுக்குள் நீண்ட வாதம் நடந்திருக்கிறது. டேவிட் பீச் போன்றவர்கள் அவர் பங்கு மிகச் சிறியது என்று வாதாடினார்கள். அந்த ஆய்வுகளை நான் மதிக்கிறேன். அவை சரியென்றே வைத்துக்கொண்டாலும் அநியாயம் கூடுமே தவிரக் குறையாது.

இனி இரண்டாவது போர். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். எலும்புகள் எழுந்தது அப்போதுதான்.

1965இல் இயன் ஸ்மித்தின் வெள்ளையர் சிறுபான்மை அரசு தன்னிச்சையாக விடுதலை அறிவித்துக்கொண்டது. 1966 ஏப்ரலில் சின்ஹோயியில் ஜானு விடுதலை இயக்கத்தின் ஜான்லா படையைச் சேர்ந்த 7 போராளிகள் சண்டையில் இறந்தார்கள். ஆயுதம் இருந்தது, மக்கள் பின்னால் இல்லை என்பது அந்தக் கட்டத்தில் படிந்த பாடம். சில வருடம் கழித்து மொசாம்பிக்கின் டெட்டே பகுதி வழியாக, ஜாம்பெசி ஆற்றைத் தாண்டி, வடகிழக்கில் டாண்டே பகுதிக்குள் புதிய ஆட்கள் வந்தார்கள். பயிற்றுநர்கள் சீனர்கள், படித்தது மாவோ. எல்லாம் இளைஞர்கள், பலர் மிஷன் பள்ளியில் வளர்ந்தவர்கள். ஊருக்குள் நுழைந்து நில உரிமை பற்றிப் பேசினால், பெரியவர்கள் கேட்ட முதல் கேள்வி: இந்த மண்ணின் சொந்தக்காரரைப் பார்த்தீர்களா?

அப்படித்தான் அவர்கள் நெஹாண்டாவின் அடுத்த ஸ்விகிரோ முன்னால் போய் உட்கார்ந்தார்கள். குன்ஸருவா என்ற தள்ளாத கிழவி. வெள்ளைக்காரன் கொண்டுவந்த எந்தப் பொருளும் அவருக்கு ஆகாது. உண்பதே குறைவு, அதுவும் உரலில் இடித்த மாவாக இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஜான்லா தளபதிகள் பின்னால் சொன்னபடி, போரின் ஒழுங்கு அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எந்த வழியாகப் போக வேண்டும், காட்டின் எந்தப் பகுதியில் படுக்கக் கூடாது, எங்கே சண்டை போடவே கூடாது, என்ன சாப்பிடலாம், பெண்களை நெருங்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். காட்டில் தெரியும் குறிகளைப் படிக்கவும் கற்றுக் கொடுத்தார். எதிரிக்குத் தெரிந்தால் பிடித்துப் போய்விடுவான் என்று அவரை மொசாம்பிக்குக்கு வரச் சொன்னார்கள். தன் பிள்ளைகளுடன் இங்கேயே இருந்து போரை நடத்துகிறேன் என்று முதலில் மறுத்திருக்கிறார். கடைசியில் சம்மதித்தார். ஆற்றைக் கடந்து சிஃபோம்போ முகாமுக்கு அவரைச் சுமந்துகொண்டு போனார்கள். 1973இல் அங்கேயே இறந்தார்.

துப்பாக்கி தூக்கிய இளைஞர்கள் ஒரு கிழவியைச் சுமந்துகொண்டு எல்லை தாண்டியது ஊர்க்காரர்களை ஏமாற்றப் போட்ட நாடகம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாடகம் போடுகிறவன் அந்த விதிகளைக் காட்டுக்குள் ஆளில்லாத இடத்திலும் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. போராளிகளில் பலர் காப்பாற்றினார்கள். சில காய்கறிகளை ஒதுக்கினார்கள். காட்டு விலங்குகளைத் தோன்றியபடி கொல்லவில்லை. சாபுங்கு என்ற கழுகு வானத்தில் அமைதியாக வட்டமிட்டால் வழி பத்திரம். கழுகுகள் ஒன்றோடொன்று சண்டையிட்டால் விமானம் குண்டு போட வரப்போகிறது என்று கலைந்து போனார்கள். பாம்பு, குரங்கு எல்லாவற்றின் நடமாட்டத்துக்கும் பொருள் இருந்தது. காட்டைக் கவனித்தே வாழ்ந்தவர்களின் தலைமுறை அறிவும் பக்தியும் அங்கே பிரிக்க முடியாமல் சேர்ந்து கிடந்தன. ஆயுதம் ஒளிக்க எந்தக் குகை, தண்ணீர் வற்றாத சுனை எது, பசிக்கு எந்தக் காட்டுப் பழம், காயத்துக்கு எந்த வேர் என்று சொன்னவர்களும் அதே ஸ்விகிரோக்களும் நாட்டு வைத்தியர்களும் ஊர்ப் பெரியவர்களும்தான்.

1972 டிசம்பரில் சென்டினரி வட்டாரத்தில் ஆல்டெனா பண்ணை மீது நடந்த தாக்குதலோடு வடகிழக்குப் போர்முனை திறந்தது. தங்கள் போர்ப் பிரிவுகளுக்கு ஜான்லா வைத்த பெயர்களில் நெஹாண்டாவும், இன்னொரு பெரிய முன்னோர் ஆவியான சாமினுக்காவும் இருந்தார்கள். இரவிரவாக நடக்கும் புங்வே கூட்டங்களில் பாட்டும் அரசியலும் முன்னோர் வணக்கமும் ஒன்றாகவே நடந்தன. ஸ்மித் அரசும் சும்மா இருக்கவில்லை. எந்த ஸ்விகிரோ எந்தப் பகுதிக்கு உரியவர் என்று அதிகாரிகள் பட்டியல் எடுத்தார்கள். போராளிகள் மேல் முன்னோர் கோபமாக இருக்கிறார்கள் என்று துண்டறிக்கை அச்சடித்து விமானத்திலிருந்து போட்டார்கள். கம்பி வேலிக்குள் 'பாதுகாக்கப்பட்ட கிராமங்கள்' கட்டி, வயலிலிருந்தும் முன்னோர் கல்லறையிலிருந்தும் மக்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் அடைத்தார்கள். 1898இல் உடலை ஒளித்த ஆட்சிக்கும் 1973இல் ஸ்விகிரோக்களைக் கணக்கெடுத்த ஆட்சிக்கும் நடுவில் 75 ஆண்டுகள். இரண்டுக்கும் பயம் ஒன்றுதான்.

போர் முழுவதும் இப்படியே நடந்தது என்று நான் சொல்லவில்லை. கிழக்கிலும் மற்றப் பகுதிகளிலும் கிறித்தவ மிஷன்கள் போராளிகளுக்குச் சோறும் மருந்தும் கொடுத்தன. ஸ்விகிரோக்களின் பேச்சு எடுபடாத ஊர்களும் இருந்தன. சூனியக்காரர் என்றும் காட்டிக் கொடுத்தவர் என்றும் குற்றம் சாட்டப்பட்டு அப்பாவிகள் புங்வே கூட்டங்களில் கொல்லப்பட்டதும் நடந்தது. அதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைப் போற்றக் கூடாது. இருந்தாலும் 1980 ஏப்ரல் 18 அன்று பிறந்த நாட்டின் அடிக்கல்லில் இந்த அறிவும் இருக்கிறது.

சரி, ஓர் அருங்காட்சியகத்துக்கு இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்?

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் மசோவே பக்கத்துக்காரர். அவருடைய அப்பா இறந்து ஒரு வருடம் கழித்து, அவரை வீட்டுக்கு அழைக்கும் சடங்குக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். அவர்கள் அதைக் குரோவா குவா என்கிறார்கள். கேழ்வரகு முளைகட்டிப் பீர் காய்ச்ச ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். இரவு முழுக்கப் பறையும் பாட்டும். விடிந்ததும் உறவினர் எல்லாரும் கல்லறைக்குப் போய் அதைத் தரையில் ஊற்றி, பேர் சொல்லி, வீட்டுக்கு வா என்று கூப்பிடுகிறார்கள். அதுவரை அப்பா வெளியில் இருப்பவர். அதற்குப் பிறகுதான் குடும்பத்தைக் காக்கும் முன்னோர். 'கல்லறை இல்லாதவர்களுக்கு என்ன செய்வீர்கள்?' என்று கேட்டேன். இறந்த இடத்து மண்ணை எடுத்து வந்து செய்வோம் என்றார். 'எங்கே இறந்தார் என்றே தெரியாவிட்டால்?' அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. போரில் போய்த் திரும்பாத சித்தப்பா ஒருவர் அவர்களுக்கு இருந்திருக்கிறார்.

உங்கள் சேமிப்பறையில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்தச் சடங்குக்குக் காத்திருப்பவராக இருக்கலாம். பேர் தெரிந்த தலைவராக இருந்தாலும் சரி, சுரங்கக் குழியில் கிடந்த பேர் தெரியாத கூலியாக இருந்தாலும் சரி. 1893இல் புலவாயோவில் எடுத்தவர்கள் என்றால், அது ந்டெபெலே அரசர் லொபெங்குலா மேல் கம்பெனி படையெடுத்த வருடம். அப்படியானால் அந்த மூவருக்கும் உரிமையுள்ளவர்கள் ந்டெபெலே பெரியவர்களாக இருக்கக்கூடும்; அவர்களுடைய முறை வேறு. இதையெல்லாம் ஓர் அரசு அலுவலகத்திலிருந்து இன்னோர் அரசு அலுவலகத்துக்குப் போகும் கோப்பால் தீர்மானிக்க முடியாது.

அதனால் கேட்கிறேன். ஒப்படைக்கும் நாள் வரும் வரை காத்திருக்காமல், இப்போதே ஸ்விகிரோக்களையும் தலைவர் குடும்பங்களின் பெரியவர்களையும் ந்டெபெலே தரப்புப் பெரியவர்களையும் அழையுங்கள். அழைப்பு அவர்கள் பேருக்குப் போகட்டும், செலவு உங்களுடையதாக இருக்கட்டும். சேமிப்பறைக்குள் அவர்கள் செருப்பைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து, மூக்குப்பொடி வைத்து, கைதட்டி வணங்கிப் பேச நேரமும் தனிமையும் கொடுங்கள். தீயணைப்பு விதி, கிருமி விதி என்று வாசலில் நிறுத்தாதீர்கள். முன்கூட்டியே உட்கார்ந்து பேசினால் எல்லாவற்றுக்கும் வழி உண்டு.

அவர்களுடைய சம்மதம் இல்லாமல் ஒரு பல்லைக்கூடத் துளைக்காதீர்கள். 2006இல் தாஸ்மேனியப் பழங்குடியினர் 17 பேரின் எலும்புகளைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்ட பிறகு, கொடுப்பதற்கு முன் சோதனை செய்தே தீருவோம் என்று நின்றீர்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. அந்த மக்களுக்கு அது இரண்டாம் தடவை உடலைக் கீறுவது போலிருந்தது. மறுபடியும் அது வேண்டாம். சோதனை மூலம்தான் ஊர் தெரியும், உறவு தெரியும் என்றால் அதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளவும் கூடும், மறுக்கவும் கூடும். தீர்மானம் அவர்களுடையது.

போலிகள் வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2007இல் சின்ஹோயியில் பாறையிலிருந்து டீசல் வருகிறது என்று ஆவியின் பேரில் ஒரு பெண் சொன்னதை நம்பி அமைச்சர்களே போய் நின்றார்கள். ஆனால் போலியைக் கண்டுபிடிக்கும் முறை அந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது. ம்ஹொண்டொரோ தன் மேல் இறங்கியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், மூத்த ஸ்விகிரோக்களும் தலைவர்களும் கூடிச் சோதிப்பார்கள். வம்ச வரிசை பிசகாமல் சொல்ல வேண்டும். முன்னோர் எங்கெங்கே அடங்கியிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். பல கோல்களை ஒன்றாகப் போட்டு, முந்தைய ஸ்விகிரோவின் கோல் எது என்று எடுக்கச் சொல்வார்கள். நாள் கணக்கில் இழுக்கும் விசாரணை அது. யார் உண்மையானவர் என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை. தீர்மானிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அறிவியலை ஒதுக்கச் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011இல் மவுண்ட் டார்வின் பக்கம் சிபோண்டோவில் கைவிட்ட சுரங்கத்திலிருந்து போர்க்காலத்து உடல்கள் வெளியே எடுக்கப்பட்டன. ஆவி இறங்கியவர்கள் முன்னால் நின்றார்கள். தடயவியல் முறை எதுவும் இல்லை. யார் எப்போது கொன்றார்கள் என்பதற்கான சான்றுகள் அழிந்து போகின்றன என்று தடயவியலாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் கத்தினார்கள். அவர்கள் சொன்னது சரி. ஸ்விகிரோவும் எலும்பியல் அறிஞரும் ஒரே குழியின் விளிம்பில் சேர்ந்து நின்றிருந்தால் அந்தக் குடும்பங்களுக்குப் பேரும் கிடைத்திருக்கும், நீதிக்கு வழியும் இருந்திருக்கும். உங்களிடம் எலும்பியல் அறிஞர்கள் இருக்கிறார்கள். மற்றப் பாதியை அழைக்கத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, பதிவேடுகள். ஒவ்வோர் எலும்பையும் யார் கொடுத்தார், எந்தத் தேதியில், எந்தப் படைப்பிரிவில் இருந்தவர், கூட வந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தார் என்பதை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். சான்று இல்லை என்று நீங்கள் சொல்லும்போது, எதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள் என்பதை நாங்களும் பார்க்க வேண்டும். தனியார் கைகளிலும் படைப்பிரிவு அருங்காட்சியகங்களிலும் தேட அந்தப் பேர்கள் பயன்படும். சிங்காய்ராவின் தலையைத் தேடுபவர்களுக்கு உங்களால் செய்ய முடிந்த பெரிய உதவி அதுதான்.

சட்டம் தடுக்கிறது என்று சொல்ல வழியில்லை. 2004ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம் 1,000 ஆண்டுக்கு உட்பட்ட மனித எலும்புகளைத் திருப்பிக் கொடுக்க அருங்காட்சியகத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. டோரஸ் நீரிணைத் தீவு மக்களுக்கும் கொடுத்தீர்கள். 2019இல் எடின்பரோ பல்கலைக்கழகம் இலங்கை வேடுவ மக்களின் 9 மண்டையோடுகளை அவர்களுடைய தலைவர் கையிலேயே நேரில் கொடுத்தது. அந்தத் தீவோடு உறவுள்ள எங்களில் பலருக்கு அந்தப் படத்தைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. தூதரக அதிகாரி பக்கத்தில் நிற்கலாம். வாங்கிக்கொள்ளும் கை அந்த மக்களுடையதாக இருக்க வேண்டும்.

ஹராரேயில் இருப்பவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2021 மே 25 அன்று நகரின் நடுவில் ம்புயா (பாட்டி) நெஹாண்டாவுக்குச் சிலை திறந்தீர்கள். சிலை இருக்கட்டும். ஆனால் திரும்பி வரும் எலும்புகள் கட்சி மேடைக்குப் போக வேண்டியவை இல்லை. அவை முதலில் மண்ணுக்கும் குடும்பத்துக்கும் போக வேண்டும். எந்த ஸ்விகிரோ ஆளுங்கட்சிக்கு வேண்டியவர் என்று பார்த்து அழைப்பு அனுப்பினால், ஸ்மித்தின் அதிகாரிகள் எடுத்த பட்டியலுக்கும் உங்கள் பட்டியலுக்கும் வித்தியாசம் இருக்காது.

அறங்காவலர்களே, பதிவேடு எப்போது வெளிவரும், பெரியவர்களுக்கு அழைப்பு எப்போது போகும், சம்மதமில்லாமல் சோதனை செய்வதில்லை என்ற உறுதியை எழுத்தில் தருவீர்களா என்று மூன்றையும் உங்கள் அடுத்த அறங்காவலர் கூட்டத்தில் எடுத்துப் பேசி, பதிலை உங்கள் இணையதளத்தில் போடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் போடாமல் ஷோனாவிலும் ந்டெபெலேயிலும் போடுங்கள். மசோவேயிலும் புலவாயோவிலும் அதைப் படிக்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
லண்டனிலிருந்து ஒரு தமிழன்